திற்பரப்பில் வாங்கிய என்ஜின்

1953 ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பூதப்பாண்டியிலிருந்து அத்தானும் நானும் கிளம்பினோம். பழைய லாரி என்ஜின் ஒன்று வாங்க மேற்கே போகிறோம். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கப்போகிறது என்றுதான் அன்று நானும் நினைத்தேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர், சண்முகம். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட அமெரிக்க லாரியை வாங்கி, எங்கள் பக்கத்து வயல்களிலிருந்து நாகர்கோவில் ஆலைகளுக்கு நெல் ஏற்றிக்கொண்டிருந்தார். சித்திரையில் ஆரல்வாய்மொழி வெயிலில், ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓட்டிவிட்டார். என்ஜினின் இரும்புக்கட்டு வெடித்துப் போயிற்று. ஆவணி அறுப்புக்குள் வண்டி ஓடாவிட்டால் லோடை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஆலைக்காரர் சொல்லிவிட்டார். அத்தானுக்கு மூன்று பெண்கள். வேறு வருமானம் கிடையாது. தனியே அனுப்பினால் அவசரத்தில் கண்டதை வாங்கிவிடுவார் என்று, பள்ளிக்கூட வாத்தியாரான என்னையும் கூட அனுப்பினாள் அக்கா.

நாகர்கோவில் வடசேரியில் பார்த்த என்ஜின் மழையில் கிடந்து துருவேறியிருந்தது. அத்தான் அதைத் தொடக்கூட இல்லை. அங்கிருந்து மார்த்தாண்டத்துக்கு இருபது மைல். பஸ்ஸுக்கு ஆளுக்குப் பத்து அணா. தக்கலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் அப்போது நல்ல வெயில். இங்கே ரப்பரும் பலாவும் மரச்சீனிக் கிழங்குச் செடியுமாக, பச்சை கறுத்துக் கிடந்தது.

மார்த்தாண்டம் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடை. எங்கள் வண்டிக்குப் பொருந்தும் ஆறு சிலிண்டர் என்ஜின் வெள்ளிப் பெயிண்டில் மினுங்கிக்கொண்டிருந்தது. விலை தொள்ளாயிரம். எனக்குப் பிடித்துவிட்டது. அத்தான் குனிந்து, பக்கவாட்டில் பெயிண்டை நகத்தால் சுரண்டினார். உள்ளே தழும்பு மாதிரி ஒரு கோடு நீண்டது.

“இது ஒட்டவச்சதுல்லா?” என்றார்.

“ஒட்டினா என்ன அண்ணாச்சி? ஓடும். நானாக்கும் சொல்லுகது” என்றார் கடைக்காரர்.

“ஓடும். எத்தனை நாளுக்கு?”

கடைக்காரர் சுரண்டிய இடத்தைத் துண்டால் துடைத்தார். வேறு வழி இல்லாவிட்டால் திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். எதிர்த்த சாயாக்கடையில் குழித்துறைக்காரர் ஒருவர், வாழைக்குலை லாரி ஓட்டுகிறவர், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “திற்பரப்புல தங்கையன்னு ஒருத்தரு. மகனுக்க லாரி ரெண்டு வருசமா சும்மா நிக்குவு. டயரெல்லாம் வித்தாச்சு. என்ஜின் மட்டும் குடுக்க மனசில்லாம இருந்தாரு. இப்போ குடுக்கணும்னு சொல்லுகாராம். நாளைக்கு வாறியன்னு நான் சொல்லி விடுகேன்.”

மகன் என்ன ஆனான் என்று நான் கேட்டேன். “மலைக்காய்ச்சல். பேச்சிப்பாறைக்கு மேல மரத்தடி ஏத்தப் போன எடத்துல பிடிச்சது. பிழைக்கல்ல” என்றார்.

இரவு மார்த்தாண்டத்திலேயே தங்கி, ஞாயிறு காலை எட்டு மணி பஸ்ஸில் குலசேகரம் போய், அங்கிருந்து மூன்று மைல் நடந்தோம். மழை விட்டிருந்தது. கோதையாறு பக்கத்திலேயே வந்தது; ஆனால் மரங்கள் விட்டால்தானே கண்ணில் படும்? அருவியின் இரைச்சல் மட்டும் வெகு தூரத்துக்கு முன்பே கேட்டது.

தங்கையன் வீடு பாதை வளைகிற இடத்தில் இருந்தது. அறுபது வயதிருக்கும். தலைப்பாகை, நெற்றியில் ஒற்றை வெள்ளை நாமம். எங்களைக் கண்டதும் வா என்றுகூடச் சொல்லாமல் நேரே ஓலைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். எங்கள் வண்டியைப் போலவே பட்டாளத்து லாரி, சக்கரமில்லாமல் கருங்கற்கள்மேல் நின்றது.

“பைய நோக்க நேரமில்ல மக்கா. வீட்டுக்காரி தாங்கலுக்குப் போயிருக்கா. உச்சிப்படிப்பு கழிஞ்சு வாறதுக்குள்ள நோக்கிருங்க” என்றார்.

அய்யாவழிக்காரர்களின் தாங்கலில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வழிபாட்டுக்கு மனைவியை அனுப்பிவிட்டு எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அத்தான் பானெட்டைத் திறந்தார். பிளக்குகளைக் கழற்றி முகர்ந்தார். ஆயில் அளக்கும் கம்பியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தார். ஹேண்டிலை மெல்லச் சுற்றியபோது, ஒவ்வொரு சுற்றிலும் அது அழுத்தமாகத் திருப்பித் தள்ளியது; உள்ளே தேய்மானம் இல்லை என்று அர்த்தம். அவர் முகம் மாறியது.

“ஆராவது சுத்திக்கிட்டே இருந்தியளா?”

“வாரத்துல ஒருக்க. இறுகிப் போகக்கூடாதுல்லா? ஸ்டார்ட் பண்ணினது இல்ல” என்றார் தங்கையன்.

குலசேகரத்தில் வாங்கி வந்திருந்த பெட்ரோலை ஊற்றி, இரவல் பாட்டரியை மாட்டி, நான் ஹேண்டில் சுற்ற, அத்தான் டிரைவர் இருக்கையில் ஏறினார். நாலைந்து தடவை இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. கொட்டகை ஓலையெல்லாம் அதிர்ந்தது. முதலில் கறும்புகை, பிறகு புகையே இல்லை. தட்டல் இல்லை, இழுப்பு இல்லை. இரண்டு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு அத்தான் முகத்தில் வந்தது.

தங்கையன் கையை ஆட்டி, நிறுத்து நிறுத்து என்று சைகை காட்டினார். அதற்குள் பாதையில் ஒரு அம்மாள் ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்து, முழங்கால்வரை சேறு. பின்னால் வேறொரு பெண் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அந்த அம்மாள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தாள்.

“வந்தியா மக்கா?”

அத்தான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவும் தோன்றாமல் அப்படியே இருந்தார்.

“செல்லம்மை, அது வேற ஆளாக்கும்” என்றார் தங்கையன்.

“தெரியுவு. முகம் தெரியுதுல்லா” என்றாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. “சத்தம் அவனுக்க சத்தம். ஆத்தங்கரைக்கு அப்புறமே கேட்டுது.”

அத்தான் சாவியில் கை வைத்தார். “நிறுத்தாண்டாம். கொஞ்சம் ஓடட்டு” என்றாள்.

ஓடவிட்டோம். அவள் சூடான பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். சுட்டிருக்கும். எடுக்கவில்லை. பெட்ரோல் தீர்ந்து, என்ஜின் இரண்டு முறை விக்கி நின்றது. அருவியின் இரைச்சல் திரும்பவும் கேட்கத் தொடங்கியது.

“இதுக்காக்கும் என்னை அனுப்பினது, இல்லியா?” என்று கணவரைக் கேட்டாள். அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் அத்தானைக் கொட்டகைக்கு வெளியே இழுத்துவந்தேன். “வேண்டாம் அத்தான். மார்த்தாண்டத்துலயே வாங்கிருவோம்” என்றேன்.

“ஒட்டவச்சதை வாங்கி நடுவழியில நிக்கவா மாப்பிளே? இப்படி ஒரு என்ஜின் இனி எங்க கிடைக்கும்?” என்றார். கொட்டகைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “சரி, போவோம். அந்தம்மா கையிலிருந்து பிடுங்க என்னால முடியாது.”

சொல்லிக்கொண்டு புறப்படலாம் என்று திரும்பினோம். அந்த அம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். கணவர் கொட்டகைக்குள்ளேயே இருந்தார்.

“எடுத்துக்கிட்டுப் போ மக்கா” என்றாள் அத்தானிடம், தாழ்ந்த குரலில். “இது இங்க கெடக்க வரைக்கும் அவரு உருப்படமாட்டாரு. ஹேண்டில் சுத்துகேன்னு போயி, உள்ள இருந்து அழுவாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. எனக்காவத்தான் விக்கேன்னு வெளிய சொல்லுவாரு. அப்படியே இருக்கட்டு.”

அத்தான் கை கூப்பினார்.

“ஒரு காரியம். பின்னே ஒருக்கலும் இந்த வழி வண்டியைக் கொண்டாராண்டாம். நான் ஓடி வந்திருவேன்.”

விலையை அத்தானே எழுநூறு என்று சொன்னார். தங்கையன் சரி என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை மூன்று தென்னந்தடிகளை நட்டு, சங்கிலி போட்டு என்ஜினைத் தூக்கி, வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் இறக்கினோம். பத்து மணிக்கு வண்டி நகர்ந்தது. அந்த அம்மாள் வெளியே வரவில்லை. அடுக்களைப் பக்கம் அம்மியில் அரைக்கும் சத்தம் நிற்காமல் கேட்டது. தங்கையன் வண்டியோடு நடந்தார். மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் என்ஜின்மேல் கை வைத்துக்கொண்டார். குலசேகரம் முக்கில் வேறொரு லாரியில் மாற்றி ஏற்றியதும், அத்தான் அவர் கையைப் பிடித்து, “பூதப்பாண்டி பக்கம் வந்தா வீட்டுக்கு வரணும்” என்றார்.

“வருகேன்னு சொல்லமாட்டேன் மக்கா. அது ஓடுகதை நான் பாக்காண்டாம்” என்றார் தங்கையன்.

அறுப்புக்கு வண்டி ஓடியது. எங்கள் குடும்பம் பிழைத்தது அந்த என்ஜினால்தான். அதை மறைக்க ஒன்றுமில்லை. மேற்கே போகும் லோடுகளையும் அத்தான் எடுப்பதுண்டு, மார்த்தாண்டம் வரைக்கும். குலசேகரம் என்றால் இரட்டை வாடகை தந்தாலும் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவார். காரணம் சொல்லமாட்டார்.

எங்கள் ஊர் திறந்த வயல்வெளி. ஒரு வண்டி ஒரு மைல் அப்பால் வரும்போதே கண்ணில் பட்டுவிடும். யாருடையது, யார் ஓட்டுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். திற்பரப்பில் மரமும் வளைவும் எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன. அங்கே முதலில் சத்தம்தான் வரும், முகம் பிறகு. இடையில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தை அந்த அம்மாள் சேற்றில் ஓடிக் கடந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு நேரமும் அவளுக்கு மகன் இருந்தான்.