ஜெர்கின் கையில் ஒரு ஜிப்

இன்றைக்குப் பஸ் ஓடாது என்று நேற்றே சொன்னேன். வீட்டில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தம்பிக்கு விழுப்புரத்தில் டயாலிசிஸ். ஊசி ஏறியதும் குளிரில் உதறுவான். அதற்காகச் சந்தையில் பழைய ஜெர்கின் வாங்கி, இடது கையை நீளமாகப் பிரித்து, நானே ஜிப் வைத்துத் தைத்தேன். இனி கழற்றாமலே ஊசி போடலாம். அமெரிக்காவில்கூட இது கிடையாது.

தியாகதுருகம் தாண்டியதும் இடஒதுக்கீடு மறியல்; நாங்கள் வந்த பஸ் நின்றுவிட்டது. தம்பியைக் கைத்தாங்கலாக இறக்கி, கூட்டத்தின் முன் ஜிப்பைத் திறந்து காட்டினேன்.

"இன்னாண்ணா, நரம்பு இப்டிப் புடைச்சிக்கினு இருக்குது?" என்றான் ஒருவன்.

"இன்னிக்கு ஊசி ஏறலன்னா மூச்சு முட்டும்ப்பா. வழி வுடுங்க."

தம்பி என் சட்டையை இழுத்தான். "மூடுண்ணா, எல்லாரும் பாக்குறாங்க."

நான் பேசிய பேச்சில் மொத்தக் கூட்டமும் எழுந்து வழிவிட்டது.

வழிவிட்டது மட்டும் நான் சேர்த்தது. "பாவம்தாண்ணா, ஆனா ரோட்டுக்குக் குறுக்க நிக்கிற லாரிங்க நகரணுமே" என்றார்கள். ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டோம்.

தம்பி ஜெர்கினைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறான். படுத்தால் மூச்சு வரவில்லை. விழுப்புரத்துக்குக் குறுக்குவழி தெரிந்த கார்க்காரர்கள் யாராவது இருந்தால், லைக் வேண்டாம், போன் போடுங்கள்.