யாழினியைத் தூக்காதீங்க

1. வந்த அன்றே சண்டை

"தூக்காதீங்க! கீழ விடுங்க அவளை!"

என் அறைவரைக்கும் கேட்டது. வெளியே வந்து பார்த்தால், சத்துணவு சமைக்கும் பாப்பாத்தியக்கா ஐந்தாம் வகுப்பு யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எதிரே நஸ்ரின், அன்றுதான் முதல்முறையாக எங்கள் பள்ளிக்கு வந்த பிசியோதெரபிஸ்ட்.

மல்லசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரசு தொடக்கப்பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. யாழினிக்குப் பிறவியிலேயே கால் இறுக்கம். அரசு தெரபி மையம் தூரத்தில் இருந்தது. தறிவேலையை விட்டுவிட்டு வாரவாரம் அவ்வளவு தூரம் அழைத்துப்போக அவள் அம்மா ஜோதியால் முடியவில்லை. அதனால்தான் சங்ககிரியில் கிளினிக் வைத்திருந்த நஸ்ரினைப் பள்ளிக்கே வரவழைக்க கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினேன். "பிரைவேட் ஆளை உள்ள விட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டார்கள். நான்தான் சொல்வேன் என்று எழுதிக் கொடுத்தேன். வந்தவர் முதல் நாளே இப்படிக் கத்தினால் எனக்கு எப்படி இருக்கும்?

"காலு வராத புள்ளைய நடக்கச் சொல்றாங்க டீச்சர். பாவமில்லீங்களா?" என்றார் அக்கா.

"இது ஸ்கூலும்மா, உங்க கிளினிக் இல்ல," என்று நஸ்ரினிடம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

2. கதவுக்கு உள்ளே, கதவுக்கு வெளியே

சும்மா கிடந்த ஒரு வகுப்பறையை ஒழித்துக் கொடுத்தோம். கதவு திறந்தே இருக்க வேண்டும், ஓர் ஆசிரியை கூட இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. தீபாவளிக்குள் யாழினி அந்த அறைக்குள் வாக்கரைப் பிடித்து நன்றாகவே நடந்தாள். ஆனால் வாசலில் அக்கா காத்திருப்பார். அவர் இல்லாவிட்டால் பெரிய பிள்ளைகள் போட்டி போட்டுத் தூக்குவார்கள். பிரேயருக்கு நானே தூக்கி வந்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டும் அவள் இருக்கும் இடத்துக்கே போய்விடும்.

"அறைக்குள்ள நான் நடக்க வைக்கிறேன், வெளியில நீங்க எல்லாரும் சேர்ந்து உட்கார வைக்கிறீங்க மேடம்," என்றார் நஸ்ரின். "இனிமே தெரபி சாப்பாட்டு வரிசையிலதான்."

எனக்குச் சுருக்கென்றது. வெளியிலும் அவளைத் தூக்காமல் நடக்கவிடலாமா என்று ஜோதியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அடுத்த வருசம் பெரிய ஸ்கூலுங்க டீச்சர். அங்க யாருங்க இவளத் தூக்குவாங்க? தானா நடக்கலைன்னா ஊட்டுலயே உக்கார வெக்க வேண்டியதுதானுங்க."

மறுநாள் பிரேயரில் அறிவித்தேன்: யாழினியை யாரும் தூக்கக் கூடாது, நான் உட்பட.

3. முட்டை ஆறிப்போனது

முதல் நாள் சாப்பாட்டு வரிசைக்கு வரும்போது, மைதானத்தின் நடுவில் வாக்கர் சாய்ந்து யாழினி விழுந்தாள். அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். "அக்கா, நில்லுங்க!" என்று கத்தினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். நஸ்ரின் பக்கத்தில் குனிந்து, எங்கே கையை ஊன்ற வேண்டும் என்று மட்டும் சொன்னார். யாழினி அழுதாள், என்னை முறைத்தாள், எழுந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் வரிசையே முடிந்துவிட்டது.

"முட்டை ஆறிப்போச்சு சாமி," என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாறினார்.

தை பிறந்த பிறகு வரிசை முடிவதற்குள் வந்துவிடுவாள். பிள்ளைகள் முன்னால் விட்டாலும் போக மாட்டாள். "நான் கடைசியாத்தானே வந்தேன்?" என்பாள்.

4. ஒரு போன்

ஜூனில் பெரிய பள்ளித் தலைமையாசிரியர் போன் செய்தார். "ஏனுங்க மேடம், நீங்க அனுப்புன புள்ள என்னங்க இப்படி? வாசப்படியில பாவமேன்னு தூக்குனேன். 'கீழ விடுங்க சார், நானே வாரேன்'னு ஒரே சத்தமுங்க!"

சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியாள் உள்ளே வந்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்றுதான் அத்தனை கேள்வி கேட்டோம். உள்ளே இருந்த நாங்கள் பாசத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைச் சொல்ல ஒரு வெளியாள்தான் வர வேண்டியிருந்தது. பள்ளி நடத்துகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சமையல்கூடத்துக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு எதுக்குங்க டீச்சர் எம்புள்ளையத் தூக்கறாரு?" என்றார் கோபமாக.