கிழங்கு வெந்த தண்ணீர்

காலை 7.15. நாகர்கோவில் வடசேரியில் தக்கலைப் பேருந்தில் ஏறினோம். பதினெட்டு கிலோமீட்டர், இருவருக்கும் சேர்த்துப் பதினான்கு ரூபாய். அது 2010. என்னுடன் வந்த ஆன்னா ஜெர்மனிக்காரி, பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டத்தில் வந்தவள். ஒரு வீட்டுச் சாப்பாடு எவ்வளவு தூரத்திலிருந்து தட்டுக்கு வருகிறது என்று பார்ப்பது அவள் வேலை; மொழிபெயர்ப்பது என் வேலை. நான் மதுரையில் ஆங்கில ஆசிரியை. வாய் கொஞ்சம் நீளம். வழி நெடுகப் பிரசங்கம் செய்தேன்: "எங்கள் நாட்டில் எதையும் வீணாக்க மாட்டோம். சோறு வடித்த கஞ்சியைக்கூட உப்புப் போட்டுக் குடிப்போம்."

9.00. தக்கலையிலிருந்து ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், முப்பது ரூபாய். அன்று எங்களுக்குச் சமைக்கவிருந்த ஸ்டெல்லா அக்கா, என் அம்மாவுக்குப் பழக்கமானவர், வாசலிலேயே நின்றிருந்தார். அவர் கணவர் செல்வராஜ் அண்ணன் விடியற்காலையிலேயே மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வாழைக்குலையோடு சந்தைக்குப் போயிருந்தார். கிழங்கும் தேங்காயும் மிளகாயும் தோட்டத்தில். சாளை மீன் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குளச்சலில் இருந்து வரும். ஆன்னாவுக்கு ஒரே குதூகலம்.

11.20. கிழங்கு வெந்ததும் தண்ணீரை ஒரு சட்டியில் வடித்து வைத்துவிட்டு, மீன்காரம்மாவின் குரல் கேட்டு அக்கா வெளியே போனார். ஆன்னா அந்தத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, உப்புப் போட்டு மடமடவென்று குடித்தாள். "உங்கள் கஞ்சி மாதிரியே!" என்று எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். பிரசங்கம் செய்தவள் குடிக்காமல் இருக்க முடியுமா? நானும் குடித்தேன்.

மீனோடு வந்த அக்கா, ஆன்னா கையிலிருந்த டம்ளரைப் பார்த்து அலறிவிட்டார். "எனக்க கர்த்தாவே! கிழங்கு வெந்த வெள்ளத்த ஆராவது குடிப்பாவளா? அதுல விஷம் உண்டு. அதுக்குத்தான வடிச்சு ஊத்துதோம்!"

தோட்டத்தில் இரண்டு இன மரச்சீனி உண்டு என்றார் அக்கா. கிணற்றங்கரையில் நிற்பது நல்ல இனம். அதன் தண்ணீர் பெரிதாக ஒன்றும் செய்யாது. வேலியோரம் நிற்பது கசப்பு இனம், எலி தொடாதென்று நட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஆடு மாடுகூடச் செத்துப்போகுமாம். "இன்னைக்கு எந்த மூட்டுல, எந்தச் செடியில பிடுங்கினாருன்னு எனக்குத் தெரியாதே!" அண்ணனின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

நானும் குடித்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தமிழச்சிக்கே தெரியாதா என்று கேட்டுவிட்டால்? அந்த நேரத்திலும் எனக்கு மானம்தான் பெரிதாக இருந்தது. ஆன்னாவிடமும், பழக்கமில்லாத வயிற்றுக்கு அது ஆகாதாம் என்று மட்டும் மொழிபெயர்த்தேன். சீ, என்ன புத்தி!

11.45. ஆட்டோவில் தக்கலை ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். எனக்குத் தலை சுற்றியது. விஷமா பயமா, தெரியவில்லை. கண்ணீர் வேறு. ஆன்னா என் கையைப் பிடித்து, "எனக்காக அழாதே" என்றாள். நான் அழுதது எங்கள் இரண்டு பேருக்காகவும்.

டாக்டர் ஆன்னாவின் நாடியைப் பிடித்தார். "தலைசுற்றல், வாந்தி இருக்கிறதா என்று கேளுங்கள்." கேட்டேன். அவளுக்கு இல்லை. எனக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் வாய் வரவில்லை.

12.40. அண்ணன் அழைத்தார். ஒலிபெருக்கியே தேவைப்படாத குரல். "கிணத்தங்கரை மூடுதான். வேலியோரத்தத நான் தொடவே இல்ல. என்னத்துக்கு இப்பிடிக் கிடந்து விளிக்க?"

"ஸ்தோத்திரம்!" என்று அக்கா சுவரில் சாய்ந்தார். நான் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் இரண்டு மணி வரை இருக்க வைத்து, பிறகு அனுப்பினார்.

3.00. மசித்த மரச்சீனி, தேங்காய் அரைத்த சாளைக் குழம்பு. நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அப்படி ஒரு ருசி அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை.

5.10. பேருந்து நிறுத்தம் வரை வந்த அக்கா என்னிடம் மெல்லக் கேட்டார். "அவளுக்கு என்ன தெரியும், பாவம். நீ பக்கத்துல நின்னல்லா? தடுக்கண்டாமா மக்கா?"

"நானும் குடிச்சேன்க்கா" என்றேன்.

முதுகில் ஓங்கி ஓர் அடி. "ஏட்டி மூதேவி! ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னா என்ன? ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா ஒனக்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" திட்டிக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார்.

பேருந்து கிளம்பியதும், அக்கா என்ன சொன்னார் என்று ஆன்னா கேட்டாள். கஞ்சி வேறு, கிழங்குத் தண்ணீர் வேறு என்று எனக்கே தெரியாது என்பதில் தொடங்கி, அன்று முதல் முறையாக ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்தேன், மூதேவி உட்பட.