தக்காளிப் பாத்திக்குள் அட்டியல்

தொண்ணூறுகளில் ஊரை விட்டு வெளிநாடு வந்து நாங்கள் வோபர்னில் வாடகைக்கு இருந்தபோது, பக்கத்துத் தெருவில் கள்ளர் புகுந்துவிட்டார்கள் என்று ஒரு கதை வந்தது. ஊரில் சண்டைக் காலத்தில் ஆமி வருகிறான் என்றால் என்ன செய்வாரோ, அதையே அம்மா இங்கேயும் செய்தார். நகைகளைப் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு, பின்வளவில் குழி தோண்டித் தாட்டுவிட்டார். அப்பாவுக்கும் மூச்சுக் காட்டவில்லை. அடையாளத்துக்குத் தக்காளிச் செடி இருக்கிறதே என்று நினைத்தார்.

ஊரில் பனைமரத்தடியில் தாட்டால் பனை அங்கேயே நிற்கும். இங்கே பனி விழுந்து கரைந்தபோது செடியும் இல்லை, பாத்தியும் இல்லை.

சித்தியின் கலியாணம் நெருங்கியது. அம்மாவின் கழுத்து அட்டியலோடுதான் சித்தி மணவறைக்கு வருவதாகப் பேச்சு. அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். அப்பா கோபத்தோடு பின்வளவைக் கிண்டினார், சித்தி அழுதழுது கிண்டினார். பேணி அகப்படவில்லை.

கடைசியில் மாமா ஒரு மெசினை வாடகைக்கு எடுத்து வந்தார். நீளத் தடி, நுனியில் வட்டத் தட்டு. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும். அப்படியொன்றை நான் ஊரில் ஆமியின் கையில்தான் பார்த்திருந்தேன், கண்ணிவெடி தேடும்போது.

"மாமா, மிதிக்காதேங்கோ! வெடிக்கும்!"

"வெடிச்சால் தக்காளிதான்ரா வெடிக்கும். எங்கை அக்கா தாட்டனீங்கள்?"

"தக்காளிக்குக் கீழை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"தக்காளி எங்கை?"

"அது தெரிஞ்சால் உன்னை ஏன் கூப்பிடுறன்?"

முதலில் போத்தல் மூடிகள் வந்தன. பிறகு துருப்பிடித்த கரண்டி. ஒவ்வொன்றுக்கும் நான் காதைப் பொத்திக்கொண்டு குந்தினேன். வேலிக் கரையில் மெசின் வீரிட்டுக் கத்தியபோது குசினிக்குள்ளேயே ஓடிவிட்டேன். யன்னலால் எட்டிப் பார்த்தால், மாமா பேணியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆடுகிறார்! சித்தி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஒரு கிழமையாக அம்மாவோடு பேசாத அப்பா விசிலடித்தார்.

அம்மா ஆடவில்லை. அட்டியல், பதக்கச் சங்கிலி, காப்புகள் எல்லாவற்றையும் கழுவிப் போட்டுக்கொண்டு, மேலே கோட்டையும் மாட்டினார்.

"பால் வாங்கிக்கொண்டு வாறன்."

"உதுகளோடையோ?" என்றார் அப்பா.

"ஓம், உதுகளோடைதான். தாட்டு வைச்சது காணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டு மார்க்கம் றோட்டில் பட்டப்பகலில் நடந்தார். எதிரே வந்த ஆம்பிளைகள் எல்லாரும் எனக்குக் கள்ளராகத் தெரிந்தார்கள்.

"அம்மா, கோட்டைப் பூட்டுங்கோ," என்று கெஞ்சினேன்.

அம்மா மேல் பொத்தான்களையும் கழற்றிவிட்டார். நிமிர்ந்த தலை குனியவேயில்லை. பால் கடை வந்தது. அதைத் தாண்டியும் நடந்தார்.

திரும்பி வந்து பார்த்தால், வீட்டுப் பிரிட்ஜுக்குள் உடைக்காத பால் பைகள் கிடந்தன. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.