நாக்குக்கு அடியில் வைத்த பொடி

நாக்குக்கு அடியில் வைக்கிற பொடி தாடை எலும்புக்குத்தான் முதலில் போய்ச் சேரும் என்று நம்பினேன். வழி எவ்வளவு பக்கம்! வயிற்றில் இறங்கி, குடலைச் சுற்றி, ரத்தத்தில் ஏறி வரவேண்டிய அலைச்சலே இல்லை. அப்படியே கசிந்தால் கீழே எலும்பு. ஐம்பத்திரண்டு வயதில், மலேசியாவில் கூலிம் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்துச் சம்பளம் வாங்குகிற ஒருவன் கண்டுபிடித்த அறிவியல் இது.

சர்க்கரை வியாதி என் ஈறுகளைத் தின்று, கீழ்வரிசை முன்பற்கள் நான்கையும் ஆட்டிவிட்டது. நான்கையும் பிடுங்கியாயிற்று. வேறொருவன் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். நான் பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணி வரை கல்யாண மண்டபங்களில் மைக் பிடிக்கிறவன். சாப்பாடு தாமதமாவது தெரியாமல் ஐந்நூறு பேரைச் சிரிக்கவைப்பது என் வேலை. பல் போன பிறகு நான் போன முதல் கல்யாணத்தில், ‘சகோதர சகோதரிகளே’ என்று தொடங்கினேன். முன் மேசை அம்மா ஒருவர் கைக்குட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

சுங்கைப்பட்டாணியில் ஒரு பல் டாக்டர், சீனப் பெண்மணி. தாடையில் இரண்டு டைட்டானியம் திருகுகளை வைத்து, எலும்பு வளர்ந்து அவற்றைப் பிடித்துக்கொண்டபின் மேலே நான்கு பல் கட்டலாம் என்றார். சர்க்கரை ஏறியிருந்தால் எலும்பு பிடிக்காது. ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை.

அது தவக்காலத்தின் தொடக்கம். நாங்கள் கத்தோலிக்கர்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை வீட்டில் ஆளுக்கொன்றை விட்டுவிடுவோம். மனைவி சீரியலை விட்டாள். நான் இனிப்பு தூக்கலான தே தாரிக் டீ, பலகாரம், ராத்திரிச் சோறு மூன்றையும் விட்டேன். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்தில் எடுத்த பரிசோதனையைப் பார்த்த டாக்டர், “பாகுஸ், அங்கிள்” என்று பாராட்டினார். இந்த ஒழுக்கத்துக்குக் கடைசித் தேதி உண்டு என்பதை நான் சொல்லவில்லை. அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் திருகுகள் ஏறின. அதற்குள் தவம் முடிந்து, ஆட்டிறைச்சியும் கேக்கும் நடந்தேறி, தொழிற்சாலைக் கேண்டீனில் என் தே தாரிக் பழையபடி மேசைக்கு வரத் தொடங்கியிருந்தது. ஆண்டவரே நாற்பது நாளோடு விட்டுவிட்டார், டாக்டர் மட்டும் என்ன என்று நினைத்தேன்.

கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அதற்கு மருந்தாகத்தான் பொடி வந்தது. செமிலிங்கில் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வருகிற ஒரு அக்கா, ‘ஸ்டெம் செல்’ என்று அச்சிட்ட சிறு பொட்டலங்களை விற்றார்.

“உடம்புல எங்க ரிப்பேரோ அங்க போயி வேலை செய்யும்லா, தம்பி. எலும்பு, கண்ணு, கிட்னி, எல்லாத்துக்கும்.”

“எங்க ரிப்பேர்னு அதுக்கு எப்படிக்கா தெரியும்?”

“நீங்க மெஷின் பாக்கறீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியுது?”

“மெஷின் கத்தும்.”

“உடம்பும் கத்தும் தம்பி. காலைல வெறும் வயித்துல நாக்குக்கு அடியில வெச்சிக்குங்க. அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது.”

“அந்த அஞ்சு நிமிஷத்துக்காகவே வாங்கலாம்,” என்றாள் பக்கத்தில் நின்ற என் மனைவி.

மூன்றாம் மாதம் ஈறு வீங்கியது. நாக்கு நாள் முழுக்க அங்கேயே காவல் நின்றது. தொழிற்சாலைக் கழிப்பறையில் கைப்பேசி வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேற்பார்வையாளர் உள்ளே வந்து, வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டார். வீட்டில் மனைவியின் விரலைப் பிடித்துத் திருகின்மேல் வைத்தேன்.

“ஆடுதா?”

“நீங்கதான் ஆடறீங்க. நேரா நில்லுங்க.”

நேராக நின்றேன். அவள் மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, “நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்,” என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

எக்ஸ்ரேயில் திருகுகளைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு. எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் எலும்பு இல்லை. விரல் நுனியில் குத்திப் பார்த்த சர்க்கரை, நான் வாய்விட்டுப் படிக்க விரும்பாத எண். தவக்காலத்தையும், கேண்டீனையும், பொட்டலத்தையும் அப்போதுதான் வரிசையாக ஒப்புக்கொண்டேன். பாதிரியாரிடம்கூட அவ்வளவு முழுமையாகச் சொன்னதில்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு ஜோக் அடித்திருப்பேன். சர்க்கரை ஏறினால் எலும்பைக் கட்டுகிற செல்கள் சோர்ந்துவிடும்; எலும்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துத் திருகு வைக்கிற குழியிலேயே நேராக வைத்தால் எலும்பு பிடிக்குமா என்று எலிகளிலும் முயல்களிலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மெதுவாக மலாயில் விளக்கினார். உங்களுக்குக் கொடுக்க என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை என்றார். பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது இனிப்புச் சேர்த்த பழப்பொடி என்று திருப்பித் தந்தார். மூன்று மாதமாகத் தினமும் அதைத்தான் வெறும் வயிற்றில் வாய்க்குள் வைத்திருந்தேன்.

அன்றே இரண்டையும் எடுத்தார். மரத்துப்போக ஊசி போட்டு, கருவியைப் பொருத்தினார். திருகவே வேண்டியிருக்கவில்லை. இரண்டும் சீழோடு கையில் வந்தன. மிஞ்சிய எலும்பு இன்னொரு திருகைத் தாங்காது, கழற்றி மாட்டுகிற பல்செட்டும் பேசும்போது நிற்காது என்று சொல்லிவிட்டார். கல்யாணங்களில் இப்போது வேறொருவர் மைக் பிடிக்கிறார். நான் சாப்பிட மட்டும் போகிறேன். கறியை மனைவி பிய்த்து என் தட்டில் வைக்கிறாள்.