இடது அக்குளில் ஈரம்

அவளை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டரிலிருந்து லிஃப்ட்காரர் வரை எல்லோருக்கும் அவள் ‘பூதக்கண்ணாடி’தான். இருபத்தொரு வருடமாக மருந்து கலக்கும் அறையில் வேலை. குப்பியில் வரும் மருந்தை சிரிஞ்சில் உறிஞ்சி, சலைன் பையில் சேர்த்து, நோயாளியின் கட்டிலுக்கு அனுப்ப வேண்டும். சொல்ல சுலபம். தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மறைப்பு, கைக்கு இரண்டு ஜோடி உறை மாட்டிக்கொண்டு, மூக்கு அரித்தால்கூடச் சொறியாமல் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும். கலந்த பையை கறுப்பு அட்டைக்கு முன்னால் ஒரு தரம், வெள்ளை அட்டைக்கு முன்னால் ஒரு தரம் தூக்கிப் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒரு தூசி தெரிந்தால் போதும், பை குப்பைக்குப் போய்விடும். தாமதமாகிறதென்று நர்ஸுகள் பல்லைக் கடிப்பார்கள். கடிக்கட்டுமே, அவளுக்கென்ன?

வீட்டிலும் அதே கண்தான். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். கூட இருந்தது தம்பி ஒருவன். ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கூண்டு கழுவுவான், எடை பார்ப்பான், புது மருந்தை எலி வாலில் ஊசி போடுவான். அவன் சட்டைகளைத் துவைப்பவள் அவள். ஒரு வருடமாகவே ஒன்றைக் கவனித்திருந்தாள். சட்டையின் இடது அக்குளில் மட்டும் வட்டமாக ஒரு ஈரக்கறை.

“என்னடா, ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் வேர்க்குது. உனக்கு வலது பக்கம் மட்டும் லீவா?”

“போக்கா, உனக்கு வேற வேலையே இல்ல” என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவான். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

எலிகளிடம் ஓடிக்கொண்டிருந்த அந்த மருந்தை நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்க்கும் கட்டம் வந்தபோது, அவளுடைய ஆஸ்பத்திரிக்கே அது வந்து சேர்ந்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னாள்:

“உங்க மருந்துதான்டா! ஃப்ரிட்ஜிலேர்ந்து எடுத்த கையோட கலக்கணும்னு தாள்ல போட்டிருக்காங்க. கை விறைச்சுப் போகுது எனக்கு.”

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “தாள்ல இருக்கிற மாதிரியே செஞ்சுடுக்கா” என்றான்.

முதல் இரண்டு நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது நோயாளி ஒரு தையல்காரர். அவள் கலந்த பை ஏறிய பத்தாவது நிமிடம் அவருக்கு மூச்சு முட்டியது. சாயங்காலத்துக்குள் போய்விட்டார். நுரையீரல் ரத்தக்குழாய்களில் மருந்து கண்ணுக்குத் தெரியாத பொடியாக உறைந்து அடைத்திருந்ததாம். ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், கலக்கியதில்தான் தப்பு என்று. பலிகடாவைத் தேட வேண்டிய சிரமமே இல்லை, கலந்த சீட்டில் போட்ட கையெழுத்தோடு அவளே தயாராக இருந்தாளே! தாழ்வாரத்தில் தையல்காரரின் மனைவி அவளை நிறுத்திக் கேட்டாள்:

“உங்க கையாலதான் கலந்தீங்களாம்மா?”

பூதக்கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். “எலி எதுக்காவது இப்படி மூச்சு முட்டிச்சாடா? உண்மையைச் சொல்லு. என் பொழப்பே இதுலதான் இருக்கு.”

“ஒண்ணுக்குக்கூட இல்லக்கா. எல்லாம் ஜம்முனு இருக்கு.”

நம்பினாள். சொந்தத் தம்பியை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அப்படியானால் தப்பு தன்னுடையதுதானே? மறுநாளே கண் டாக்டரிடம் போய் இரண்டு கண்ணையும் சோதித்துப் பார்த்துக்கொண்டாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொன்னதும் அங்கேயே அழுதுவிட்டாள் பாவம்.

விசாரணைக் கமிட்டியில் மூன்று பேர். தப்பு அவளுடையது என்று எழுதினால் வேலை போகும், உரிமமும் போகும், போலீஸும் வரும். எலிகளுக்கு ஊசி போட்டவன் என்று தம்பியையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஆராய்ச்சித் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அக்கா இருந்த பக்கம் திரும்பவேயில்லை.

“எப்படி ஊசி போடுவீங்க?” என்று கேட்டார் கமிட்டித் தலைவி.

“ஃப்ரிட்ஜிலேர்ந்து எடுத்து நேரா போடுவோம் மேடம்.”

“எலிகளுக்கு ஒண்ணும் ஆகலையா?”

“ஒண்ணும் ஆகல.”

வாய் கூசவில்லை அவனுக்கு. தலைவி ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நீட்டினார். “இதே மருந்துதானே?”

வாங்கி, லேபிளைப் படித்து, “இதேதான்” என்றான். தலைவி காகிதத்தைப் புரட்டிக்கொண்டே கூண்டுக்கு எத்தனை எலி, எத்தனை நாளைக்கு ஒரு ஊசி என்று கேட்டுக்கொண்டு போனார். அவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லிக்கொண்டே, தன்னை அறியாமல், அந்தக் குளிர்ந்த குப்பியை இடது அக்குளில் வைத்துக் கையை இறுக்கிக்கொண்டான்.

கமிட்டி பார்க்கவில்லை. பூதக்கண்ணாடி பார்த்தாள். ஒரு வருடத்துச் சட்டைகள் மொத்தமும் அவள் கண்முன் வந்து நின்றன. எழுந்து நின்றாள்.

“டேய், அந்தக் குப்பி எங்கடா?”

அறையே அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் முதலில் தன் கைகளைத்தான் பார்த்தான், இரண்டும் காலி. “உட்காருங்கம்மா” என்று அதட்டினார் ஆராய்ச்சித் தலைவர். அவளா உட்காருவாள்?

“அதை அக்குள்ல எதுக்கு வச்சீங்க?” என்று கேட்டார் கமிட்டித் தலைவி.

குப்பியை வெளியே எடுத்தான். சட்டையில் வட்டமாக ஈரம். அதற்குமேல் அவனால் மறைக்க முடியவில்லை.

“சில்லுன்னு போட்டா உள்ள பொடியா உறைஞ்சு சில எலி செத்துடும் மேடம். பதினோரு எலி செத்துச்சு. அப்புறம்தான் சூடு பண்ணிப் போடச் சொன்னார் எங்க சார். அதை எழுத வேண்டாம்னும் சொன்னார். வேலையை நிரந்தரமாக்கறேன்னார்.”

அவள் பிழைத்தாள். ஆனால் பிழைத்த சந்தோஷம் கடுகளவும் இல்லை.

“எலிக்கு அக்குள்ல வச்சு இதமா சூடு பண்ணிப் போட்டிருக்க. எடுத்த கையோட கலக்கறேன்னு நான் உன் எதிர்ல உட்கார்ந்து சொன்னேனேடா. நல்லா இருந்த மனுஷன் செத்துப்போனார். அப்பவும் வாயைத் திறக்கலையே நீ!”

“அக்கா…” என்று எழுந்தான். அந்த வார்த்தையைக் கேட்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஆமாம்மா, என் கையாலதான் கலந்தேன்” என்றாள். “சூடு பண்ணாம குடுத்தா உயிர் போகும்னு எனக்குத் தெரியாது. என் தம்பிக்குத் தெரிஞ்சிருந்துச்சு.”