சோதனைக்கு முன் போட்ட மாத்திரை

சந்தைக்கு ஓட்டிப்போகும் மாட்டைக் குளிப்பாட்டுவதுபோல, சோதனைக்குக் கொடுக்கும் சிறுநீரையும் சுத்தம் பண்ணித்தான் கொடுக்க வேண்டும் என்று நம்பியிருந்தேன்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறேன். சுரங்க வாசலில் வரிசையில் நிற்கும்போது ஒன்றுக்கு வந்தால் அடக்கிக்கொள்வேன். இறங்கினால் முறை போய்விடும். எரிச்சல் எடுத்தால் மெடிக்கலில் கேட்டு ஏதாவதோர் அட்டை மாத்திரை. எரிச்சல் நின்றதும் மிச்சம் லாரிக்குள் சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும், அடுத்த எரிச்சலுக்கு. சில வருஷம் இப்படியே ஓடியது.

இந்த முறை குளிர்க்காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்துகொண்டன. பெரம்பலூர் டாக்டரம்மா, "கிட்னிக்கு ஏறியிருக்கும்போல. காலையில யூரின் கொடுங்க. கிருமிய வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகுதுன்னு பார்க்கணும்" என்றார். கிட்னி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் வாய் அசைந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

சோதனைக்கு முன் சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு, கிடைத்த அட்டையில் இரண்டைப் போட்டுக்கொண்டேன். கிருமி எதுவும் வளரவில்லை என்று முடிவு வந்தது. புரோட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைத் தின்றும் காய்ச்சல் இறங்கவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன்.

"டெஸ்டுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"ரெண்டே ரெண்டுங்க மேடம். ரிசல்ட் நல்லா வரட்டுமேன்னு" என்று அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"பத்தாவது பரிச்சையிலயே பிட் அடிச்ச ஆளுங்க இவரு" என்றாள் என் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

மறுபடி சோதனை. முடிவு வரும்வரை நடுங்கிக்கொண்டு கிடந்தேன். முடிவு வாங்கப் போகும்போது குரும்பலூர் டவுன் பஸ்ஸில் மனதுக்குள் சொத்தைப் பிரித்துப் பார்த்தேன். லாரி முதலாளியுடையது. பிரித்து முடிய ஒரு ஸ்டாப்கூட ஆகவில்லை.

"மாத்திரையில, நீங்க அன்னைக்கு முழுங்குன ஒண்ணுக்குத்தான் இந்தக் கிருமி அடங்குது" என்றார் டாக்டரம்மா. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "ஆனா அது யூரினை மட்டும்தான் சுத்தம் பண்ணும். கிட்னிக்குள்ள வேலை செய்யாது. மத்த மாத்திரை எதுக்கும் இது அசையலைங்க. இனி ஊசிதான்."

"ஊசிக்கும் அசையலன்னா?" என்று மனைவி கேட்டாள்.

அவர் என்னை அட்மிட் பண்ணச் சொன்னார்.

ஊசிக்குக் கிருமி அடங்கியது. இடப்பக்கச் சிறுநீரகம் அதற்குள் பாதி கெட்டுவிட்டிருந்தது.